மதிப்புரையும் மறைகாப்பும் : உளமருத்துவ அறம் குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

நூல் ஒன்று வெளிவந்தால் அதற்கு மதிப்புரை எழுதுவது தமிழுலகம் நன்கறிந்த வழக்கமாகும். நூலாசிரியர் எழுதியவை அனைத்தும் படிப்போர் முன் விரிந்து கிடக்கின்றன. மதிப்புரையாளர் கூறியது பொருந்துமா, பொருந்தாதா என ஐயுறும் வாசகர், அந்நூலைத் தாமே பெற்றுப் படித்து முடிவு காணலாம். ஆகவே, நூல் மதிப்புரையில் மிகையும் குறையும் நெடுநாள் நிலைப்பதில்லை.

இன்று மதிப்புரை என்னும் அச்சொல் நூலுலகைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டது. உணவகம், துணிக்கடை, பேருந்து நிறுவனம், பள்ளிக்கூடம் எனத் தொடங்கி மருத்துவமனை வரையிலும் மக்கள் இணையத்தில் கருத்தெழுதி, ஐந்து நட்சத்திரங்களுள் இத்தனை என்று மதிப்பிடுகின்றனர். உள்ளத்தின் துயருக்கு மருத்துவம் செய்யும் உளமருத்துவர்களும், உளவியல் ஆலோசகர்களும் இம்மதிப்பீட்டிற்கு விலக்கல்லர். உணவின் சுவையைக் குறித்து எழுதுவதும், உள்ளத்தின் காயத்திற்கு மருந்திட்டவரைக் குறித்து எழுதுவதும் ஒன்றாகுமா? அவ்வாறு எழுதுவோர்க்கும், எழுதச் சொல்வோர்க்கும், எழுதப்பெறுவோர்க்கும் உரிய அறம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலத்தின் தேவை

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்கின்றனர் எனக் கண்டது. அக்குறைபாடுகளுள் பலவற்றில், சிகிச்சை பெறாதோர் பத்தில் ஏழு பேருக்கும் மேல் என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். நோயுண்டு; மருந்துண்டு; ஆயினும், நோயுற்றோர் மருந்தை நாடிச் செல்வதில்லை என்பதே இப்புள்ளிவிவரங்கள் உணர்த்தும் உண்மையாகும்.

செல்லாமைக்குக் காரணம் வறுமை மட்டுமன்று. நாணமும் அச்சமும் அதனினும் வலிய காரணங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1974 சனவரி 14ஆம் நாள் உருவான இம்மாவட்டத்தில், 2017ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகின்றது. ஆயினும், உள்ளூர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாயிலில் தெரிந்தவர் எவரேனும் தம்மைக் கண்டுவிடுவரோ என அஞ்சித் திருச்சிக்கோ, மதுரைக்கோ பேருந்தேறுவோர் உண்டு. கணவர் வெளிநாட்டில் உழைக்க, தனித்திருந்து குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண்கள் அறந்தாங்கியிலும், கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களிலும் பலர். உறக்கமின்மையும் மனச்சோர்வும் அவர்களை வருத்தினும், 'பைத்தியத்திற்கு வைத்தியம் பார்க்கிறாள்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி அவர்கள் வாய் திறவாதிருத்தல் கூடும்.

இத்தகையோர் எவரும் அறியாமல் கைப்பேசியில் ஒரு மருத்துவரைத் தேடுகின்றனர். அப்போது அவர்தம் கண்ணில் முதலில் படுவன நட்சத்திரங்களும் மதிப்புரைகளுமே. 'மிக நல்லவர், பொறுமையாகக் கேட்டார்' என்னும் ஒரு வரி, பல்லாண்டுகள் தயங்கி நின்ற ஒருவரை மருத்துவரின் படியேறச் செய்யலாம். 'பணம் பறிக்கிறார், பேசவே விடுவதில்லை' என்னும் மற்றொரு வரி, அவரை மீண்டும் இருளுக்குள் தள்ளிவிடலாம். மதிப்புரைகளை எளியனவென ஒதுக்க இயலாமைக்கு இதுவே காரணமாகும்.

நூலும் மூடிய அறையும்

நூலுக்கும் உளச்சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு நோக்கத்தக்கது. ஒரே நூலை ஆயிரம் பேர் படிக்கலாம். ஆனால், உளமருத்துவரின் மூடிய அறையில் நிகழும் உரையாடலை வேறெவரும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. ஒருவர் பெற்ற சிகிச்சை மற்றொருவர் பெற்ற சிகிச்சையன்று. அஃது ஒரே ஒரு படி மட்டும் அச்சிடப்பெற்று, ஒரே ஒருவரால் மட்டும் படிக்கப்பெற்ற நூலைப் போன்றது. அந்நூலின் மதிப்புரையைச் சரிபார்க்கும் வழி வேறெவர்க்கும் இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சுவையற்ற உணவு தீய உணவு என்று கூறிவிடலாம். கசக்கும் சிகிச்சையோ தீய சிகிச்சையாக வேண்டுவதில்லை. குடிக்கு அடிமையான ஒருவரிடம், 'உம் துன்பத்திற்கு உம் மனைவி காரணமல்லள்' என்று ஆலோசகர் எடுத்துரைக்க நேரலாம். கேட்டவர் சினம் கொள்வார். வாழ்வில் தமக்கு நெருங்கியோர்பால் கொண்ட அன்பையும் பகையையும் நலம் நாடி வருவோர் தம்மையறியாமல் மருத்துவர்மீது ஏற்றிப் பார்ப்பர் என்பதை சிக்மண்ட் பிராய்டு விளக்கிக் காட்டினார். தந்தையிடம் கொள்ள முடியாத சினத்தை மருத்துவரிடம் கொள்வதும், அச்சினத்தின் வேரை இருவரும் சேர்ந்து ஆராய்வதும் அவர் வகுத்த சிகிச்சை முறையின் ஒரு பகுதியேயாம். மூன்றாம் வாரத்தில் அச்சினம் பொங்கி நிற்கும் வேளையில் எழுதப்பெறும் மதிப்புரையும், ஓராண்டு கழித்து உள்ளம் தெளிந்தபின் எழுதப்பெறும் மதிப்புரையும் ஒன்றாக இரா. ஆனால், இணையத்தில் முன்னது நிலைத்துவிடுகின்றது. பின்னது பெரும்பாலும் எழுதப்பெறுவதேயில்லை.

மேலும், நட்சத்திரங்களின் மீது கண்வைக்கும் மருத்துவர், கசந்தாலும் கூற வேண்டியதைக் கூறத் தயங்குவார். வந்தவரை மகிழ்வித்து அனுப்புவதே நோக்கமாகிவிடின், அங்கு மருத்துவம் மறைந்து வணிகமே எஞ்சும்.

மருத்துவத்தின் நான்கு கூறுகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுவதை நாம் அறிவோம். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தாலன்றி மருத்துவம் முழுமை பெறாது என்பது வள்ளுவர் கருத்தாகும்.

இப்பகுப்பு உளமருத்துவத்திற்கு மிகவும் பொருந்தும். மாத்திரையை இடையில் நிறுத்தியவர் நோயாளியாக இருக்கலாம். 'இதெல்லாம் ஒரு நோயா?' என்று ஏளனம் செய்து சிகிச்சையைத் தடுத்தவர் உடனிருக்கும் உறவினராக இருக்கலாம். முதலில் கொடுத்த மருந்து ஒருவர் உடலுக்கு ஒவ்வாது போயிருக்கலாம். ஆனால், இணைய மதிப்புரை இந்நான்கனுள் மருத்துவர் ஒருவரை மட்டுமே நிறுத்தி மதிப்பெண் இடுகின்றது. நலம் பெற்றால் முழுப்புகழும் அவர்க்கு. பெறாவிடின் முழுப்பழியும் அவர்க்கே. இவ்விரண்டும் நடுவுநிலை ஆகா.

சிற்றூரில் முகம் மறைவதில்லை

இனி, எழுதுவோரின் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஆலங்குடியைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, தேர்வு அச்சத்தால் உறக்கமிழந்து ஆலோசகர் ஒருவரிடம் சென்று நலம் பெற்றாள் என்று கொள்வோம். நன்றி மிகுதியால் இணையத்தில் நான்கு வரிகள் எழுதுகின்றாள். தன் முழுப்பெயரை அவள் குறிப்பிடவில்லை. ஆயினும், அதே கணக்கிலிருந்து முன்னர்த் தன் ஊர்த் துணிக்கடைக்கும், தான் பயிலும் கல்லூரிக்கும், தோழியின் திருமணம் நடந்த மண்டபத்திற்கும் கருத்தெழுதியிருக்கின்றாள். அவள் கணக்கைத் திறப்பவர்க்கு இவை யாவும் ஒருசேரக் காட்சியளிக்கின்றன. பெருநகரில் இவற்றைக் கொண்டு ஒருவரை அடையாளம் காண்பது அரிதாகலாம். சிற்றூரில் அது சிறுபிள்ளை விளையாட்டு.

ஈராண்டு கழித்து அவளுக்கு மணம் பேசுகின்றனர். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரின் கண்ணில் அவ்வரிகள் படுகின்றன. பின் நிகழ்வதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தேர்வு அச்சம் நீங்கிய அந்நான்கு வரிகளே அவள் வாழ்வில் புதியதோர் அச்சத்தை விதைத்துவிடுகின்றன. குறை கூறும் மதிப்புரை மட்டுமன்றிப் புகழும் மதிப்புரையும் எழுதியவரைக் காட்டிக் கொடுக்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்காக அம்மாணவியைக் குறை கூறுவது நம் கருத்தன்று. உளநோயை இழிவாகக் கருதும் சமுதாயமே முதற்குற்றவாளி. ஆயினும், அச்சமுதாயம் திருந்தும் வரையில், தன் மறையைக் காப்பதும் வெளியிடுவதும் அவளுடைய உரிமையாகவே இருத்தல் வேண்டும். வேறெவரும் அவளை அதற்குத் தூண்டுதல் கூடாது.

மறுமொழி கூற இயலாத நிலை

உணவக உரிமையாளர் தம்மீது கூறப்பட்ட குறைக்கு உடனே மறுமொழி எழுதலாம். உளமருத்துவரோ எழுத இயலாது. 'இவர் என்னிடம் வந்தவரே' என்று ஒப்புக்கொள்வதுகூட மறைகாப்பை மீறுவதாகும். பொய்யான பழியே எனினும், அதை மறுக்க வேண்டிய சான்றுகள் அனைத்தும் நோயாளியின் மறைகளாக இருப்பதால் அவர் வாய்மூடி இருக்க வேண்டியவராகின்றார்.

இவ்வரம்பைக் கடந்தமையால் நேர்ந்த விளைவுக்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியூஜெர்சி மாநிலத்தில் உளமருத்துவம் அளித்துவந்த மனாசா ஹெல்த் சென்டர் என்னும் நிறுவனத்தைப் பற்றி ஒருவர் இணையத்தில் குறைகூறி எழுதினார். அதற்கு மறுமொழி எழுதிய நிறுவனம், அவருடைய நோய் இன்னதென்பதையும் சிகிச்சை விவரத்தையும் வெளிப்படுத்திவிட்டது என்று 2020இல் முறையீடு எழுந்தது. அரசின் விசாரணைக்குப் பின், 2023 சூன் மாதம் அறிவிக்கப்பெற்ற உடன்படிக்கையின்படி அந்நிறுவனம் 30,000 டாலர் செலுத்த நேர்ந்தது. இதேபோன்று டல்லஸ் நகரப் பல் மருத்துவ நிறுவனம் ஒன்றும் 2019இல் 10,000 டாலர் செலுத்தியது. சினத்தில் எழுதிய சில வரிகளுக்குக் கொடுத்த விலை இதுவாகும். ஆயினும், வெளிப்பட்டுவிட்ட மறையை எத்தனை ஆயிரம் டாலராலும் மீட்க முடியாது என்பதே பெரிதும் எண்ணத்தக்கது.

சட்டமும் நெறிமுறைகளும்

அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு, தற்போது சிகிச்சை பெற்று வருவோரிடமிருந்து நற்சான்றுரை கேட்டுப் பெறுதல் கூடாது என 5.05ஆம் விதியில் கூறுகின்றது. தம் சூழ்நிலையால் எளிதில் பிறர் செல்வாக்கிற்கு ஆட்படக்கூடியோரிடமும் கேட்டல் கூடாது என்பது அவ்விதியின் மற்றொரு கூறு. இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். தம் உள்ளத்தின் மறைகள் அனைத்தையும் அறிந்த ஒருவர், 'எம்மைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதுங்கள்' என்று கேட்டால், மறுக்கும் துணிவு எத்தனை பேர்க்கு உண்டு? மறுத்தால் அடுத்த வாரம் அன்போடு பேசுவாரோ என்னும் ஐயம் எழாதா? கேட்பவர் இனிமையாகக் கேட்பினும், கேட்கப்பெறுபவர்க்கு அது கட்டளையாகவே ஒலிக்கும். அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2014இல் வெளியிட்ட நெறிமுறைகள், முன்னர்ச் சிகிச்சை பெற்றுச் சென்றோரிடமும் கேட்டல் ஆகாது என்று இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன.

நம் நாட்டில், இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், மருத்துவர் நேராகவோ மறைமுகமாகவோ நோயாளிகளைத் தம்பால் ஈர்க்க முயல்வதை அறமற்ற செயல் என்கின்றன. தாம் குணப்படுத்திய நோய்களைக் குறித்துத் தற்பெருமை பேசுவதும், அவ்வாறு பிறர் வெளியிட இசைவதும் கூடாவாம். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டு 2ஆம் நாள் வெளியிட்ட புதிய விதிகள், சமூக ஊடகங்களில் நோயாளிகளின் நற்சான்றுகளையும் மதிப்புரைகளையும் மருத்துவர் கேட்பதையும் பகிர்வதையும் வெளிப்படையாகவே விலக்கின. பணம் கொடுத்து விருப்பக் குறிகளையும் பின்தொடர்வோரையும் பெறுவதையும் தடுத்தன. ஆயினும், அவ்விதிகள் அதே ஆகஸ்டு 23ஆம் நாள் நிறுத்திவைக்கப்பெற்று, 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன.

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 இத்துறையில் குறிப்பிடத்தக்க சட்டமாகும். அதன் 23ஆம் பிரிவு, மனநோயுற்றோரின் உடல்நலம், மனநலம், சிகிச்சை ஆகியவை பற்றிய செய்திகளைக் காக்கும் உரிமையை அவர்க்கு வழங்குகின்றது. அவர்தம் இசைவின்றி நிழற்படமோ பிற விவரமோ ஊடகங்களுக்கு அளிக்கப்படலாகாது என்றும், மின்னணு வடிவிலுள்ள செய்திகளுக்கும் இவ்வுரிமை உண்டு என்றும் 24ஆம் பிரிவு தெளிவுபடுத்துகின்றது.

போலி மதிப்புரைகளின் பெருக்கமும் அரசின் கவனத்திற்கு வந்தது. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், இணைய மதிப்புரைகளைத் திரட்டுதல், நெறிப்படுத்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கான ஐ.எஸ். 19000 என்னும் தர அளவையை வெளியிட்டது. விலைக்கு எழுதப்பெறும் புகழுரையும் பழியுரையும் கலந்து கிடக்கும் இடத்தில், உண்மையாக நொந்தவரின் குரலும் தன் மதிப்பை இழந்துவிடுகின்றது.

ஏர்வாடி உணர்த்தும் பாடம்

மேற்கூறியவற்றைக் கேட்டு, 'அவ்வாறாயின் நோயாளிகள் வாய்மூடி இருக்க வேண்டியதுதானா?' என எவரேனும் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள், அண்டை மாவட்டமாகிய இராமநாதபுரத்தின் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது 28 பேர் மாண்டனர். தமிழகத்தையே தலைகுனியச் செய்த நிகழ்ச்சி அஃது. அங்கிருந்தோர் தம் நிலையைப் பற்றிக் கூற விரும்பியிருப்பின் யாரிடம் கூறியிருப்பர்? கூறியிருப்பினும், 'மனநோயாளியின் பேச்சு' என்று ஒதுக்கப்பட்டிராதா? மனநோயுற்றோரின் குறைகளைச் செவிமடுக்க எவரும் இல்லாத இடத்தில் எத்தகைய கொடுமையும் நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூடிய அறை நன்மையைக் காப்பது போலவே தீமையையும் மறைக்கவல்லது. நலம் நாடி வந்த பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொள்பவரும், தகுதியின்றிப் பெயர்ப்பலகை மாட்டிப் பணம் ஈட்டுபவரும் மறைகாப்பு என்னும் போர்வைக்குள் ஒளிந்துகொள்ள இடந்தரலாகாது. மறைகாப்பு நோயாளியின் உடைமையேயன்றி மருத்துவரின் கேடயமன்று. எனவே, முறையிட விரும்பும் நோயாளியைத் தடுக்க மருத்துவர்க்கு அறவழியில் எவ்வுரிமையும் இல்லை.

இதற்கெனச் சட்டம் வழிகளை வகுத்துள்ளது. மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, சேவையில் குறை காண்போர் முதலில் அந்நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவரிடமும், அங்கு நிறைவு காணாவிடின் மனநல மறுஆய்வு வாரியத்திடமும், அதன்பின் மாநில மனநல ஆணையத்திடமும் முறையிடலாம். நடத்தைப் பிழைகளை மாநில மருத்துவக் கழகத்திடம் எடுத்துச் செல்லலாம். கட்டணம் பெற்று அளிக்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துள்ளமையால், நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். இணையத்தில் எழுதுவது சினத்தை ஆற்றும். முறைப்படி முறையிடுவதே அடுத்து வருவோரைக் காக்கும்.

கடைப்பிடிக்கத்தக்கன

இதுகாறும் கண்டவற்றின் அடிப்படையில் சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

மருத்துவர்க்கு: மதிப்புரையைக் கேளாதிருத்தல், பிறரைக் கொண்டு கேட்பியாதிருத்தல், தம் வரவேற்பறையில் 'எங்களை மதிப்பிடுங்கள்' என்னும் அட்டையைத் தொங்கவிடாதிருத்தல், புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் நோயாளியை அடையாளம் காட்டும் மறுமொழி எழுதாதிருத்தல். அதற்கு மாற்றாக, 'எம் சிகிச்சையில் உமக்கு நிறைவில்லாதது எது?' என்று மூடிய அறைக்குள்ளேயே அவ்வப்போது வினவுதல் சிறந்தது. அங்கு கூறப்பெறும் குறை, சிகிச்சைக்கே மருந்தாகும்.

எழுத விரும்புவோர்க்கு: உள்ளம் தெளிந்தபின் எழுதுதல், தம் நோயைக் குறித்து எழுதாமல், நேரந்தவறாமை, கட்டண வெளிப்படை, மரியாதையாக நடத்துதல் போன்று எவரும் சரிபார்க்கத்தக்கவற்றை மட்டும் எழுதுதல், மகனோ, மனைவியோ பெற்ற சிகிச்சையைப் பற்றி அவர்தம் இசைவின்றி ஒருசொல்லும் எழுதாதிருத்தல். பிறர் மறையை வெளியிடுதல், அன்பினால் செய்யினும் குற்றமே.

மதிப்புரைகளைப் படிப்போர்க்கு: நட்சத்திரங்களுக்கு முன் தகுதியைப் பார்த்தல். உளமருத்துவர் மாநில மருத்துவக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்றும், மருத்துவ உளவியலாளர் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பதிவேட்டைப் பேணிவரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்றும் முதலில் கேட்டறிதல் வேண்டும். எங்குச் செல்வதெனத் தெரியாதோர், 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்னும் எண்ணில், தம்மை வெளிப்படுத்தாமலேயே தமிழில் பேசி வழிகாட்டுதல் பெறலாம்.

ஊர்ப் பெரியவர்கட்கும் ஒரு பொறுப்பு உண்டு. குடும்பத்தில் ஒருவர் மனம் தளர்ந்தால், மருத்துவரை நாடுமுன் பலர் நாடுவது உறவின் மூத்தோரையும், ஜமாஅத் பொறுப்பாளர்களையும், ஆசிரியர்களையுமே. 'எந்த மருத்துவர் நல்லவர்?' என்று தனிமையில் கேட்பவர்க்குத் தாம் அறிந்ததை மட்டும் கூறி, கேட்டவர் இன்னார் என்பதைத் தம் நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் பெரியவர், ஆயிரம் இணைய மதிப்புரைகளினும் மேலானவர். நம்மிடம் ஒப்படைக்கப்பெற்ற பொருளை அமானிதம் என்று போற்றுகின்றோம். ஒருவர் நம்மை நம்பிக் கூறிய துயரமும் அத்தகைய அமானிதமேயன்றோ?

முடிவுரை

உளச்சிகிச்சை நம்பிக்கையின்மீது நிற்பது. அந்நம்பிக்கைக்கு இரு தூண்கள் உண்டு. ஒன்று, தாம் கூறியது வெளியே செல்லாது என்னும் உறுதி. மற்றொன்று, தமக்குத் தீங்கு நேரின் தம் குரல் கேட்கப்பெறும் என்னும் உறுதி. இணைய மதிப்புரை முதல்தூணை அசைக்கின்றது. இரண்டாம் தூணாக நிற்கும் வலிமையோ அதற்கு இல்லை. மறையைக் காத்து, முறையீட்டிற்கு வழி திறந்துவைத்தலே இரண்டையும் நிலைநிறுத்தும்.

மாணவச் செல்வங்கள் கைப்பேசியில் விரல் வைக்குமுன் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம். தாம் எழுதவிருக்கும் வரிகள் யாருடைய மறையைத் திறக்கும், யாருக்கு வழி காட்டும் என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்டபின் எழுதுவாராயின், நட்சத்திரங்களால் விளையும் தீமை குறையும். மருத்துவரின் வாயிலில் தயங்கி நிற்போர் அச்சமின்றி உள்நுழைவர்.